பிழைக்கு ஒரு காசோலை

டொனால்ட் கனூத் என்ற அமெரிக்கக் கணினி அறிஞர் தம் வாசகர்களுக்கு ஒரு வாக்குக் கொடுத்தார். தம் புத்தகத்தில் உள்ள பிழை ஒன்றை முதலில் கண்டுபிடித்துச் சொல்பவருக்கு 2.56 டாலர் தருவதாகச் சொன்னார். எழுத்துப் பிழை, கணக்குப் பிழை, ஆண்டு மாறிப்போன பிழை என்று வித்தியாசம் இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரே தொகைதான். 256 என்ற எண்ணைப் பதினாறை அடிமானமாக வைத்து எழுதினால் 100 வரும். ஆகவே 256 சென்ட் கணினிக்காரர்களின் கணக்கில் முழுசாக ஒரு டாலர். பிழை இல்லாமல் பயனுள்ள யோசனை மட்டும் சொன்னால் 32 சென்ட். காசோலையைத் தாமே எழுதிக் கையெழுத்திட்டு அனுப்புவார். வாங்கியவர்களில் பலர் அதை வங்கிக்குக் கொண்டுபோகவில்லை, கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டார்கள்.

நான் அச்சகங்களில் மெய்ப்புத் திருத்தியே தலை நரைத்தவன். ஒரு பிழையைச் சுட்டிக்காட்டினால் எழுதியவரின் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். படித்தவர்கள், பட்டம் பெற்றவர்கள், நல்ல மனிதர்கள்கூட ஒரு கணம் சுருங்கித்தான் போவார்கள். 'அது கம்போசிட்டர் போட்ட தப்பு' என்று முதலில் சொல்லிவிட்டு, பிறகுதான் தாளைக் கையில் வாங்குவார்கள். 'தேடுங்கள், கண்டுபிடியுங்கள், பணம் தருகிறேன்' என்று உலகத்தையே கூப்பிட்ட ஆசிரியர் ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டதிலிருந்து இந்த மனிதர்மேல் எனக்குத் தீராத மரியாதை. அவருடைய வாழ்க்கையைக் கிடைத்த இடத்திலெல்லாம் தேடிப் படித்திருக்கிறேன். கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளும், ஓய்வு பெற்று அடுத்து என்ன என்று உட்கார்ந்திருக்கும் என் வயதுக்காரர்களும் இவரை அறிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

பிறந்தது 1938 ஜனவரி 10, மில்வாக்கி நகரில். அப்பா உயர்நிலைப் பள்ளியில் கணக்குப்பதிவு கற்றுக்கொடுத்தவர். பக்கத் தொழிலாகச் சிறிய அளவில் அச்சு வேலையும் செய்தார். மகன் எட்டாம் வகுப்பில் இருந்தபோது ஒரு மிட்டாய் நிறுவனம் போட்டி வைத்தது. 'ஸீக்லர்ஸ் ஜயன்ட் பார்' என்ற மிட்டாயின் பெயரில் உள்ள எழுத்துகளைக் கொண்டு எத்தனை ஆங்கிலச் சொற்கள் அமைக்கலாம் என்பது போட்டி. பையன் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு இரண்டு வாரம் பள்ளிக்குப் போகாமல், தலையணை அளவு அகராதியோடு உட்கார்ந்தான். நடுவர்களிடம் இருந்த பட்டியலில் சுமார் 2,500 சொற்கள் இருந்தன. அவன் கொண்டுபோனது சுமார் 4,500. பள்ளிக்கு ஒரு தொலைக்காட்சிப் பெட்டி பரிசாகக் கிடைத்தது. வயிற்றுவலிப் பொய்யை நான் மெச்சவில்லை. ஆனால் போட்டி நடத்தியவர்களே 'இவ்வளவுதான் இருக்கும்' என்று நினைத்த இடத்தைத் தாண்டி அவன் போயிருக்கிறான். பிற்கால கனூத்தின் குணம் முழுவதும் அந்த இரண்டு வாரத்திலேயே தெரிகிறது.

1956-இல் கிளீவ்லாந்தில் உள்ள கேஸ் தொழில்நுட்பக் கல்லூரியில் இயற்பியல் படிக்கச் சேர்ந்தார். பள்ளியில் முதல் மாணவராக இருந்தும், இங்கே தேறுவோமா என்ற பயம் அவரை வாட்டியது. அந்தப் பயத்துக்கு அவர் கண்ட மருந்து எளிமையானது. நுண்கணிதப் பாடப்புத்தகத்தில் ஆசிரியர் வீட்டுப்பாடமாகக் கொடுத்த கணக்குகளோடு நிற்காமல், புத்தகத்தில் உள்ள எல்லாக் கணக்குகளையும் போட்டார். முதல் சில மாதங்கள் சக மாணவர்களைவிட அதிக நேரம் பிடித்தது. அதன் பிறகு அவர்கள் திணறிய பாடங்கள் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு ஆகிவிட்டன. நம் ஊரில் 'முக்கிய வினாக்கள்' என்று குறிபோட்டுக் கொடுக்கும் பழக்கம் இருக்கிறதே, அதில் வளர்ந்த பிள்ளைகளிடம் இந்தச் செய்தியை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். பயப்படுவது குற்றமில்லை, அந்தப் பயத்தை எங்கே கொண்டுபோய்ச் செலவழிக்கிறோம் என்று பார்க்க வேண்டும்.

கல்லூரியில் ஐபிஎம் 650 என்ற கணினி இருந்தது. இரவு நேரத்தில் மாணவர்கள் அதைத் தொடலாம். அதன் கையேட்டில் அச்சிட்டிருந்த மாதிரி நிரல்களைப் படித்தபோது, இதைவிட நன்றாக எழுதலாமே என்று அவருக்குத் தோன்றியது. அங்கேதான் அவர் திசை மாறியது. இயற்பியலிலிருந்து கணிதத்துக்கு வந்தார். 1960-இல் இளநிலைப் பட்டம் கொடுக்கும்போதே முதுநிலைப் பட்டத்தையும் சேர்த்துக் கொடுக்க ஆசிரியர் குழு முடிவு செய்தது. 1963-இல் கால்டெக் என்ற கலிஃபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தில் கணித முனைவர் ஆனார்.

முனைவர் பட்டம் முடியும் முன்பே, 1962 ஜனவரியில், அடிசன்–வெஸ்லி பதிப்பகத்தார் அவரிடம் வந்து, நிரல்களைக் கணினிக்குப் புரியும் மொழிக்கு மாற்றும் கம்பைலர்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதச் சொன்னார்கள். வயது 24, திருமணமாகி ஓராண்டுகூட ஆகவில்லை. ஒப்புக்கொண்டு 12 அத்தியாயங்களுக்குத் தலைப்புப் போட்டார். அதே ஆண்டு கோடையில், வேறு ஒரு வேலைக்கு நடுவே, அவர் யோசித்த ஒரு கணக்குத்தான் அவருடைய வாழ்நாள் பாதையைத் தீர்மானித்தது. அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அல்காரிதம் என்ற படிப்படியான செய்முறைகளை ஆராயும் அறிஞர் என்பவர் உண்மையில் என்ன செய்கிறார் என்பது அதில் தெரியும்.

ஆயிரக்கணக்கான பெயர்களைக் கணினியில் சேர்த்து வைக்க வேண்டும். கேட்டவுடன் எடுக்கவும் வேண்டும். ஒரு வழி, பெயரின் எழுத்துகளிலிருந்தே ஓர் எண்ணைக் கணக்கிட்டு, அந்த எண்ணுக்குரிய இடத்தில் பெயரை வைப்பது. அங்கே ஏற்கெனவே வேறொரு பெயர் இருந்தால்? கல்யாணப் பந்தியில் நமக்குக் காட்டிய இலையில் ஆள் உட்கார்ந்திருந்தால் அடுத்த இலைக்கு நகர்வதைப் போல, அடுத்த இடம், அதற்கும் அடுத்த இடம் என்று காலியிடம் வரும்வரை போக வேண்டியதுதான். எல்லோரும் செய்துவந்த முறைதான் இது. ஆனால் சராசரியாக எத்தனை இடம் பார்க்க வேண்டியிருக்கும் என்று திட்டவட்டமாகச் சொல்லக் கணக்கு இல்லை. கனூத் அந்தக் கணக்கைப் போட்டார். இடங்களில் பாதி நிரம்பியிருந்தால், புதிய பெயருக்குச் சராசரியாக 2.5 இடம் பார்த்தால் போதும். பத்தில் ஒன்பது பங்கு நிரம்பிவிட்டால் 50.5 இடம் பார்க்க வேண்டும். நிரம்பிய இடங்கள் கொத்துக் கொத்தாகச் சேர்ந்துகொள்கின்றன. பெரிய கொத்தின்மேல் வந்து விழும் வாய்ப்பும் அதிகம், விழ விழ அது இன்னும் பெரிதாகிறது. நெரிசல் படிப்படியாகக் கூடும் என்று நினைப்போம், அது ஒரு கட்டத்துக்குமேல் திடீரென்று எகிறுகிறது.

'இந்த முறை வேகமானது' என்று மற்றவர்கள் வாயால் சொன்னதை, 'இத்தனை படி ஆகும்' என்று அவர் எண்ணிக் காட்டினார். அதன் பிறகு அவர் தொட்ட ஒவ்வொன்றிலும் இதே கேள்விதான். வரிசைப்படுத்துவதா, தேடுவதா, பெருக்குவதா, எதுவானாலும் எத்தனை படி? சராசரியில் எத்தனை, மிக மோசமான நிலையில் எத்தனை? அல்காரிதங்களை அலசும் இந்தப் படிப்பு ஒரு தனித் துறையாகவே வளர்ந்ததற்கு அவருடைய எழுத்தே பெரிய காரணம்.

புத்தகம் என்ன ஆயிற்று? மூன்றரை ஆண்டில் கையால் 3,000 பக்கம் எழுதிவிட்டார். கையெழுத்தில் ஐந்து பக்கம் சேர்ந்தால் அச்சில் ஒரு பக்கம் வரும் என்பது அவர் போட்டு வைத்திருந்த கணக்கு. முதல் அத்தியாயத்தைத் தட்டச்சுச் செய்து அனுப்பியபோது பதிப்பகத்தார் அளந்து பார்த்தார்கள். கையெழுத்தில் ஒன்றரைப் பக்கமே அச்சில் ஒரு பக்கத்தை நிறைத்தது. அதாவது 2,000 அச்சுப் பக்கம்! ஒரு புத்தகம் என்று பேசியது ஏழு தொகுதிகளாக மாறியது. 'கணினி நிரலாக்கக் கலை' என்ற அந்த நூல் வரிசையில் முதல் தொகுதி 1968-இலும், இரண்டாவது 1969-இலும், மூன்றாவது 1973-இலும் வந்தன. 1974-இல் கணினித் துறையின் மிக உயர்ந்த டூரிங் விருது கிடைத்தபோது அவருக்கு வயது 36.

இடையில் 1967-இல் உடம்பு படுத்துவிட்டது. இரவு பகல் பாராத உழைப்பால் குடற்புண் வந்து மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. தேறி வந்த பிறகு ஒப்புக்கொள்ளும் வேலைகளைக் குறைத்துக்கொண்டார். இதைச் சொல்லாமல் அவருடைய உழைப்பை மட்டும் இளைஞர்களுக்குச் சொல்வது பாவம். உடம்புக்கு ஓர் எல்லை உண்டு; முப்பது வயதில் தெரியாத எல்லையை நோய் வந்து காட்டிவிட்டுப் போகும்.

இனி நான் வாழ்ந்த உலகத்துக்கு வருகிறேன். ஈய எழுத்தில் கணிதப் புத்தகம் கோத்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். மோனோடைப் என்ற அச்சு இயந்திரம் எழுத்துகளை வார்த்துத் தந்துவிடும். பின்னத்தின் கோடு, அதன் மேலே ஒரு தொகுதி, கீழே ஒரு தொகுதி, தலையில் ஏறி நிற்கும் அடுக்குக்குறி, காலடியில் ஒட்டிய சிற்றெழுத்து என்று சமன்பாட்டைக் கையால்தான் அடுக்க வேண்டும். தேர்ந்த கம்போசிட்டர் ஒருவர் இடைவெளிக்குத் தகடு செருகும்போது மூச்சைக்கூட மெதுவாகத்தான் விடுவார். ஒரு தகடு நழுவினால் வரியே சரிந்துபோகும். கனூத்தின் முதல் பதிப்புகள் அப்படிப்பட்ட கைகளால் கோக்கப்பட்டவை.

1977-இல் இரண்டாம் தொகுதியின் புதிய பதிப்புக்கான கேலி புரூஃப், அதாவது பக்கம் பிரிக்காத முதல் மெய்ப்பு, அவர் கைக்கு வந்தது. அதற்குள் ஈய எழுத்து முறை மறைந்து ஒளியச்சு வந்துவிட்டிருந்தது. எழுத்துகளின் வடிவமும் இடைவெளியும் அவர் கண்ணுக்குச் சகிக்கவில்லை. தம் உழைப்பை இந்த உருவத்தில் வெளியிட அவருக்கு மனம் வரவில்லை. ஏறக்குறைய அதே சமயத்தில், கணினிவழி அச்சான வேறொரு புத்தகத்தின் புரூஃபைப் பார்த்தார். பக்கம் முழுவதும் நுண்ணிய புள்ளிகள். புள்ளி உண்டு அல்லது இல்லை, அவ்வளவுதான். அப்படியானால் அழகான பக்கம் என்பது ஒன்றையும் பூஜ்யத்தையும் சரியான இடத்தில் வைக்கும் வேலை, அதாவது தம்முடைய வேலை என்று கண்டுகொண்டார். நான்காம் தொகுதி எழுதுவதற்காகச் சிலி நாட்டில் ஓராண்டு தங்கத் திட்டமிட்டிருந்ததைக் கைவிட்டு, தாம் பேராசிரியராக இருந்த ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்திலேயே உட்கார்ந்தார். சீக்கிரம் முடித்துவிடலாம் என்று தொடங்கிய வேலை ஏறத்தாழ பத்து ஆண்டுகளை எடுத்துக்கொண்டது. 'டெக்' என்ற அச்சுக்கோப்பு நிரலும், எழுத்துருக்களை வரையும் 'மெட்டாஃபாண்ட்' என்ற நிரலும் அப்படிப் பிறந்தவை.

டெக் ஒரு பத்தியை எப்படி வரிகளாக உடைக்கிறது என்று தெரிந்துகொண்டபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். நாங்கள் ஒரு வரியைக் கோத்து முடித்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவோம். ஏழாவது வரியில் ஒரு நீளமான சொல் வந்து இடிக்கும். சொற்களுக்கு நடுவே ஓட்டை ஓட்டையாக இடைவெளி விழும். முந்திய ஆறு வரிகளையும் கலைத்துக் கோக்க யாருக்கும் நேரம் இருக்காது. கனூத்தும் அவருடைய மாணவர் மைக்கேல் பிளாஸும் எழுதிய முறை பத்தி முழுவதையும் ஒன்றாகப் பார்க்கிறது. எங்கெல்லாம் உடைக்கலாம், உடைத்தால் ஒவ்வொரு வரியும் எவ்வளவு அசிங்கமாக இருக்கும் என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டு, மொத்த அசிங்கம் மிகக் குறைவாக வரும் வழியைத் தேர்ந்தெடுக்கிறது. ஏழாவது வரியின் இடர்ப்பாட்டுக்கு முதல் வரியிலேயே வழி செய்துவிடுகிறது. இருபது இடங்களில் உடைக்கலாம் என்றால் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வழிகள் உண்டு. அத்தனையையும் பார்க்காமல், தேறாத வழிகளை அவ்வப்போது கழித்துக்கொண்டே வந்து நல்லதைக் கண்டுபிடிப்பதில்தான் அல்காரிதத்தின் அருமை இருக்கிறது.

எழுத்துருவிலும் இதே பிடிவாதம். ஆங்கில எழுத்துகளில் எஸ் என்ற ஒரே ஓர் எழுத்து கணிதத்துக்கு வளையாமல் அவரை நாள்கணக்கில் அலைக்கழித்தது. எஸ் வடிவத்திலேயே போட்டுவிடலாமே என்று மனைவி ஜில் சொன்னதாக அவரே எழுதியிருக்கிறார். கடைசியில் அந்த ஓர் எழுத்தைப் பற்றித் தனிக் கட்டுரையே வெளியிட்டார். 1981-இல் இரண்டாம் தொகுதியின் புதிய பதிப்பு டெக்கில் அச்சாகி வந்தது. அதைப் பார்த்தும் அவர் மனம் நிறையவில்லை. ஹெர்மன் ஸாஃப் போன்ற எழுத்துரு மேதைகளிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டு திரும்ப எழுதினார். வேலை ஓரளவு நிறைந்தது 1986-இல். டூரிங் விருது வாங்கிய பேராசிரியர், நாற்பது வயதுக்கு மேல், எழுத்து வரைபவர்களிடம் மாணவராகப் போயிருக்கிறார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

டெக்கை அவர் விற்கவில்லை. யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று கொடுத்துவிட்டார். இன்று உலகத்தின் கணித, இயற்பியல் ஆய்வேடுகள் பெரும்பாலும் அதில்தான் உருவாகின்றன. பிற்பாடு வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ரிட்ஜ்வே என்பவர் மெட்டாஃபாண்டைக் கொண்டே தமிழ் எழுத்துருவும் செய்தார்.

டெக்குக்கும் பிழைப் பரிசு உண்டு. 2.56 டாலரில் தொடங்கி, ஆண்டுதோறும் இரட்டித்து 327.68 டாலரில் நின்றது. அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. 1978 முதல் பத்து ஆண்டுகளில் டெக்கில் தாம் செய்த ஒவ்வொரு பிழையையும் திருத்தத்தையும் ஒரு பேரேட்டில் எழுதிவைத்தார். 850-க்கும் மேல். அவற்றைப் 15 வகையாகப் பிரித்து, எது கவனக்குறைவு, எது மறதி, எது புரியாமல் செய்தது என்று அலசி, முழுப் பட்டியலையும் 1989-இல் கட்டுரையாக அச்சில் போட்டார். மெய்ப்புத் தாள்களை வேலை முடிந்ததும் கிழித்து எறிந்துவிடச் சொல்லும் ஆசிரியர்களையே பார்த்துப் பழகியவன் நான். தம் பிழைகளைப் பிறர் படித்துத் தேற வேண்டும் என்று வகைப்படுத்தி வெளியிட்டவரை எங்கள் தொழிலில் நான் சந்தித்ததில்லை. டெக்கின் பதிப்பு எண் ஒவ்வொரு திருத்தத்துக்கும் 3.14, 3.141, 3.1415 என்று பை என்ற எண்ணை நோக்கி ஒவ்வோர் இலக்கமாக நீள்கிறது. நெருங்கிக்கொண்டே போகும், போய்ச் சேராது. தம் மறைவுக்குப் பிறகு அந்த எண்ணைப் பை என்றே வைத்துவிட்டு, மிஞ்சிய பிழைகளைத் தொடாமல் விட்டுவிடச் சொல்லியிருக்கிறார்.

2008-இல் வங்கி மோசடிக்காரர்களால் அவர் உண்மையான காசோலை அனுப்புவதை நிறுத்த நேர்ந்தது. அதற்குப் பதில் கற்பனை வங்கி ஒன்றின் பெயரில் சான்றிதழ் அனுப்பிவந்தார். கணக்கு எண்ணோடு கையெழுத்தையும் நம்பி அனுப்பியவரின் நம்பிக்கையைச் சிலர் கெடுத்தார்கள் என்பது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

1990 ஜனவரி 1 முதல் அவர் மின்னஞ்சலை விட்டார். எல்லோரும் அதற்குள் நுழைந்துகொண்டிருந்த காலம் அது. கணினிப் பேராசிரியர் ஒருவர் வெளியே வந்தார். நடப்பவற்றுக்கு மேலாக மிதந்துகொண்டிருக்க வேண்டியவர்களுக்கு அது நல்லது, தம் வேலை விஷயங்களின் அடிவரை போவது என்பது அவர் சொன்ன காரணம். 1993-இல், 55 வயதில், புத்தகத்தை முடிப்பதற்காகவே பதவி ஓய்வு பெற்றார். ஸ்டான்ஃபோர்ட் போன்ற ஓர் இடமும் செயலாளரும் எல்லோருக்கும் வாய்க்காது. மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துபவர்கள் இதை அப்படியே செய்ய முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்காவது போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு ஒரு காரியத்தின் அடிவரை போக நம்மில் யாராலும் முடியும். ஓய்வு பெற்றவர்களுக்கு அதைச் செய்யாமலிருக்கக் காரணமே இல்லை.

அவருடைய அடிவரை என்பது நம் நாட்டையும் தொட்டது. ஃபிபனாச்சி எண்கள் என்று உலகம் அழைக்கும் 1, 2, 3, 5, 8 என்ற வரிசையை, ஃபிபனாச்சிக்கு முன்பே 12-ஆம் நூற்றாண்டில் கோபாலர், ஹேமசந்திரர் ஆகிய யாப்பறிஞர்கள் கண்டிருந்தார்கள் என்பதைத் தம் முதல் தொகுதியில் எழுதியிருக்கிறார். ஒரு மாத்திரை குறிலையும் இரண்டு மாத்திரை நெடிலையும் கொண்டு நான்கு மாத்திரையை எத்தனை விதமாக நிரப்பலாம்? ஐந்து விதம். ஐந்து மாத்திரை என்றால் எட்டு. பிள்ளைகளே எழுதிப் பார்க்கலாம். உரிய பெயரை உரிய இடத்தில் சொல்வதும் அவருக்குப் பிழை திருத்துவதில் சேர்ந்ததுதான்.

மூன்றாம் தொகுதி வந்து 38 ஆண்டு கழித்து, 2011-இல்தான் நான்காம் தொகுதியின் முதல் பாகம் வந்தது. அடுத்த பாகம் 2022-இல் வந்தபோது அவருக்கு வயது 84. நடுவே 80-ஆவது பிறந்த நாளன்று அவர் இயற்றிய ஆர்கன் இசைக்கோவை ஸ்வீடனில் அரங்கேறியது. டெக்குக்காகச் செலவிட்ட பத்தாண்டு வீண், அதில் இரண்டு தொகுதி எழுதியிருக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. கேலி புரூஃபைப் பார்த்துவிட்டு 'போகட்டும், படிக்க முடிகிறதல்லவா' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கக்கூடிய மனிதர், பிழைக்குக் காசோலை அனுப்பும் மனிதராகவும் இருந்திருக்க மாட்டார்.

வீட்டில் கணிதம் பிடித்த பிள்ளை இருந்தால் முதல் தொகுதியின் பயிற்சிக் கணக்குகளை ஒருமுறை காட்டுங்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 50 வரை கடினத்தைக் குறித்திருப்பார். 10 என்றால் ஒரு நிமிடம், 50 என்றால் யாராலும் இன்னும் தீர்க்கப்படாதது. விடைகளும் பின்னால் இருக்கும். தொடக்கத்திலேயே வரும் பயிற்சிகளில் ஒன்று, மூன்று நூற்றாண்டுக்கும் மேலாக யாராலும் நிறுவ முடியாமல் இருந்த ஃபெர்மாவின் கடைசித் தேற்றம். பழைய பதிப்பில் அதற்கு 50 போட்டிருந்தார். 1995-இல் ஆண்ட்ரூ வைல்ஸின் நிறுவல் வெளிவந்தது. 1997-இல் மூன்றாம் பதிப்பு வந்தபோது கனூத் மறக்காமல் அந்த எண்ணை 45 என்று திருத்தியிருந்தார்.